கழுத்துத் தேய்மானத்துக்கு ராணுவ ஊன பென்ஷன் கிடைக்குமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அப்பா ராணுவத்தில் லாரி ஓட்டி 2015இல் ஓய்வு பெற்றவர், கழுத்து எலும்புத் தேய்மானம், கை மரத்துப்போகிறது. வெளியே வரும்போது மெடிக்கல் போர்டு ஊனம் 20 சதவீதம் என்று போட்டுவிட்டு, 'பணியால் வந்ததல்ல' என்று எழுதிவிட்டது.

கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். சதவீதம் 20 இருக்கிறது, அது போதும். சண்டை அந்த ஒரு வரியோடுதான். 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: படையில் சேரும்போது செய்த மருத்துவப் பரிசோதனையில் நோய் குறிக்கப்படவில்லை என்றால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு. போர்டு காரணமும் எழுத வேண்டும். அதனால் முதல் வேலை, போர்டு அறிக்கையின் நகலைத் தேடி எடுப்பது. பழைய டிரங்குப் பெட்டியில் இல்லாவிட்டால் அப்பாவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்டு ஆபீசுக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். மலைப்பாதையில் வண்டி ஓட்டிய போஸ்டிங் விவரம், கழுத்து வலிக்குச் சிகிச்சை எடுத்த சீட்டுகள் எல்லாம் உதவும். இப்போது எடுக்கும் ஸ்கேனை விட அந்தக் கசங்கிய சீட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

பென்ஷன் கேட்டு மனு எழுத திருநெல்வேலி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். மனுவும் அதன் மேல்முறையீடும் தள்ளுபடியானால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியதுதான். தாமதமாகப் போனால் பென்ஷன் நிலுவை பெரும்பாலும் வழக்குப் போட்டதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்கு மட்டுமே. வென்றால், உச்ச நீதிமன்றத்தின் 2014 ராம் அவதார் தீர்ப்பைக் காட்டி 20 சதவீதத்தை 50 சதவீதமாக உயர்த்தவும் கேளுங்கள்.