3,500 ரூபாய்த் தேவை 14 நாளில் 10,000 ரூபாய்க் கடனான கணக்கு

கேள்வி: என் கணவர் இராமேசுவரத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகிறார், நான் பாம்பனில் நண்டுக் கம்பெனியில் வாரக் கூலிக்கு வேலை செய்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது மகளுக்குக் கட்டணம் கட்ட 3,500 ரூபாய் தேவைப்பட்டது. மீன்பிடித் தடைக்காலம் முடியாததால் வீட்டில் பணம் இல்லை. கைப்பேசிச் செயலி ஒன்றில் 5,000 ரூபாய் கடன் கேட்டேன். பிடித்தம் போக 3,500 வந்தது, ஏழாம் நாள் 5,000 கட்டச் சொன்னார்கள். அதைக் கட்ட இன்னொரு செயலியில் 8,000 ரூபாய்க் கடன் எடுத்தேன். கைக்கு வந்தது 5,600. அடுத்த வாரம் அதை அடைப்பதற்குத் தண்டலில், அதாவது நாளுக்கு நூறு ரூபாயாக நூறு நாள் கட்டும் கடனில், 10,000 எழுதி 8,500 வாங்கினேன். தண்டல் அட்டையில் 62 கட்டம் முடிந்து 38 கட்டம் பாக்கி. முதல் செயலிக்காரர்கள் இப்போது தாமதக் கட்டணம் என்று 2,400 ரூபாய் கேட்கிறார்கள். தராவிட்டால் என் படத்தைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புவோம் என்று மிரட்டுகிறார்கள். கணவருக்கு எதுவும் தெரியாது. விஷயம் தெரிந்த அவருடைய அண்ணன், "வட்டி தெரிந்துதானே கை நீட்டினாய், நீயாகத் தேடிக்கொண்டது" என்கிறார். அவர் சொல்வது சரியா? அரைப் பவுன் தோட்டை விற்று எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா?

பதில்: சகோதரி, தோட்டை விற்க வேண்டாம். ஏன் என்பதற்கு முன்னால், நீங்கள் அனுப்பிய எண்களை ஒருமுறை கூட்டிப் பார்ப்போம்.

முதல் செயலியில் வந்த 3,500 ரூபாய் பள்ளிக்குப் போயிற்று. இரண்டாவதில் வந்த 5,600-ல் 5,000 முதல் கடனுக்குப் போக, 600 மிஞ்சியது. தண்டலில் வந்த 8,500-ல் 8,000 இரண்டாவது கடனுக்குப் போக, 500 மிஞ்சியது. ஆக, பதினான்கு நாளில் உங்கள் வீட்டுக்கு உண்மையாகப் பயன்பட்ட பணம் 4,600 ரூபாய். அதற்காக நீங்கள் தலையில் ஏற்றிக்கொண்ட கடன் 10,000 ரூபாய். முதல் கடனின் வட்டி மட்டும் வாரத்துக்கு ஏறத்தாழ 43 விழுக்காடு. ஆண்டுக் கணக்கில் அது 2,200 விழுக்காட்டைத் தாண்டும். தண்டல், நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்குச் சுமார் 120 விழுக்காடு வருகிறது. அரைப் பவுன் தோட்டைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றே வைத்துக்கொண்டாலும், அந்த 3,500 ரூபாய்க்கு நூறு நாள் வட்டி 120 ரூபாயைத் தாண்டியிருக்காது.

அடகு வைக்காததற்கு நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்த காரணம் என்னை நிறுத்திவைத்தது: காதில் தோடு இல்லையென்றால் மறுநாளே தெரு கேட்கும். செயலி கேட்காது. நம் கடற்கரை ஊர்களில் இந்தக் கடன்கள் வட்டியை மறைத்து விற்கப்படுகின்றன என்பது பாதி உண்மைதான். யாருக்கும் தெரியாமல் பணம் கிடைக்கும் என்ற வசதியும் சேர்த்தே விற்கப்படுகிறது. நீங்கள் கொடுத்த வட்டியில் பெரும்பங்கு அந்த மறைவுக்கான விலை.

உங்கள் கணவரின் அண்ணன் சொல்வதற்கு வருகிறேன். அவர் மாதச் சம்பளக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அவரைப் போலத்தான் பேசினேன்; மாத வரவை ஒரு பக்கமும் செலவை ஒரு பக்கமும் எழுதுங்கள் என்று தொண்டியில் ஓர் அம்மாவிடம் சொன்னபோது, "எந்த மாத வரவை எழுத, சார்?" என்று கேட்டார். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இவ்வகைக் கடனுக்கு வெளிநாட்டில் சம்பள நாள் கடன் என்றே பெயர். அமெரிக்காவில் இரண்டு வாரத்துக்கு நூறு டாலருக்குப் பதினைந்து டாலர் என்பது வழக்கமான கட்டணம். அதுவே ஆண்டுக்கு 391 விழுக்காடு. சம்பள நாள் உள்ளவரையே மூழ்கடிக்கும் கடன் அது. சம்பள நாளே இல்லாத உங்கள் வீட்டுக்கு அது ஏழு நாள் தவணையோடு வந்திருக்கிறது. காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. வேலைநிறுத்தம் என்றால் படகு கரையில். போய் வந்தாலும் டீசலும் ஐஸும் கழித்த பிறகுதான் பங்கு. தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பள்ளியோ ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிடுகிறது. அந்த இடைவெளியை நீங்கள் உண்டாக்கவில்லை.

ஆனால் உங்கள் பங்கு எதுவுமே இல்லை என்று சொன்னால் நான் உங்களுக்கு உண்மையானவனாக இருக்க மாட்டேன். முதல் கடன் தேவைக்கு எடுத்தது. அதில் குற்றம் காண்பதற்கு எனக்கு ஒன்றுமில்லை. இரண்டாவது கடனை எடுத்த இரவு, 5,000 ரூபாய் கட்ட முடியவில்லை என்பதை ஒருவரிடமாவது சொல்லியிருந்தால், கதை அங்கேயே நின்றிருக்கும். கடனை அடைக்கக் கடன் வாங்கியதும், அதைக் கணவரிடம் மறைத்ததும் உங்கள் முடிவுகள். ஆகவே முதல் வேலையாக, மேலே நான் போட்ட கணக்கை ஒரு தாளில் எழுதி, அவர் கடலுக்குப் போகாத ஒரு நாளில் முன்னால் வையுங்கள். மிரட்டுபவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அவருக்குத் தெரியாது என்பதுதான்.

அந்த 2,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஏழாம் நாளே 5,000 கட்டியதற்கான யுபிஐ பதிவையும், மிரட்டல் செய்திகளையும், அழைப்பு வந்த எண்களையும் படமெடுத்து வேறொரு கைப்பேசிக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகே செயலியை நீக்குங்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்த ஆண்டு விகிதத்தைக் கடன் கொடுக்குமுன் காட்ட வேண்டும் என்பதும், கடன் வாங்கியவரின் தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி தொடக்கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி 2022-லேயே வகுத்த விதிகள். வழக்கறிஞர் தேவைப்பட்டால் இராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி கிடைக்கும், தொலைபேசி எண் 15100.

தண்டலுக்கு வருவோம். இன்னும் கட்ட வேண்டியது 3,800 ரூபாய். இதைத் தோட்டை அடகு வைத்து இன்றைக்கே முடிக்கலாமே என்று தோன்றும். முன்னதாக முடித்தால் குறைத்துக்கொள்வாரா என்று தண்டல்காரரிடம் கேளுங்கள். குறைப்பதாகச் சொன்னால் அடகு வைத்து முடிப்பது லாபம். முழு 3,800-ம் வேண்டும் என்றால் அவசரப்பட்டு அடைப்பதில் ஒரு ரூபாயும் மிச்சமில்லை, மேற்கொண்டு அடகு வட்டிதான் சேரும்; அப்போது கட்டம் கட்டமாகவே கட்டி முடியுங்கள். விட்ட நாளுக்கு அபராதம் கேட்டாலோ, வாசலில் வந்து சத்தம் போட்டாலோ, 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பதையும், அதன்படி மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு என்பதையும் நினைவுபடுத்தலாம்.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. இன்னும் சில நாளில் தண்டல்காரரே சிரித்த முகத்தோடு வந்து, "புது அட்டை போட்டுவிடலாமா?" என்பார். 10,000 எழுதி, 1,500 பிடித்து, பழைய பாக்கி 3,800-ஐயும் கழித்துக்கொண்டு 4,700 ரூபாயைக் கையில் கொடுப்பார். மறுபடி நூறு நாள் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும்போதுதான் இந்த அழைப்பு இனிக்கும். அப்போது கட்டாயமாகப் பணம் தேவைப்பட்டால், தோடு கூட்டுறவு வங்கிக்குப் போகட்டும், தெரு கேட்டால் கேட்கட்டும்.

அட்டை முடிந்த பிறகும் அந்த நூறு ரூபாயை, படகு போய்வந்த நாளில் மட்டுமாவது, குழுச் சேமிப்பிலோ அஞ்சலகத்திலோ போட்டு வாருங்கள். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நீங்கள் 1,500 ரூபாய் சேர்த்தால் அரசின் 3,000 ரூபாயும் சேர்ந்து 4,500 ஆக வரும். இதுவரை சேரவில்லையென்றால் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். தடைக்கால நிவாரணமான 8,000 ரூபாய் வந்ததும் அதில் 3,500-ஐப் பள்ளிக்கென்று முதலிலேயே தனியே எடுத்து வையுங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். தண்டல் வாங்கும்போது வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால், நூறாவது கட்டத்துக்கான பணத்தைக் கணவர் கையில் கொடுத்து அவரையும் உடன் நிற்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்த பிறகு அவர் பணத்தை நீட்டட்டும்.