கியரால் காரை நிறுத்தப் பார்க்காதீர்கள்

தம்பி, கட்டுக்குருந்த பந்தயத் தடத்தில் நேர்ப்பாதை முடிகிற இடத்தில் நான்காம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கியதும் பின்பக்கம் வழுக்குகிறது என்றீர்கள். பின்சக்கர இழுவைக் கார்தானே, எஞ்சின் பிடிப்பது பின் டயர்களை மட்டும்தான், அதுவும் பாரம் முன்னுக்குப் போய் அவை லேசாகிக் கிடக்கிற நேரத்தில். வழுக்காமல் என்ன செய்யும்? முதலில் கால் பிரேக்கை நன்றாக மிதியுங்கள், வேகம் குறையக் குறைய ஒவ்வொரு கியராக இறக்குங்கள், கிளச்சை விடும் முன் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுங்கள். கியரை இறக்கி எஞ்சினாலேயே வேகத்தைப் பிடிக்கிற எஞ்சின் பிரேக் எல்லாம் கடுகண்ணாவை மலைப்பாதை இறக்கத்துக்குச் சரி. நானும் பிரேக் பேட் மிச்சம் பிடிக்கப் போய் கிளச் தட்டை எரித்தவன்தான், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பேட் வாங்குவது அதைவிட மலிவு. அப்புறம், பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் பிரேக் ஆயிலை மாற்றுங்கள்: டாட் 4 தர ஆயில் புதிது என்றால் 230 பாகை செல்சியஸ் வரையாவது தாங்கும், ஈரம் இழுத்தது 155லேயே கொதிக்கலாம்.