இறுகின பிளக்கும் நீளக் குழாயும்

கேள்வி: என்னுடைய சின்னப் பெற்றோல் லொறியில் எஞ்சினுக்குத் தீப்பொறி போடும் ஸ்பார்க் பிளக்கில் மூன்று கழன்றுவிட்டது, நாலாவது அசையவே மாட்டேன் என்கிறது. பிளக் கழற்றும் சாவியின் கைபிடியில் நீளக் குழாய் கொழுவி இழுக்கலாமா அண்ணை?
– வாசகர் ஒருவர், மாங்குளம்

பதில்: குழாயைத் தூக்கி அங்காலே வையுங்கள் தம்பி. பிளக் திருகியிருக்கும் எஞ்சின் மேல்பாகம், அதுதான் ஹெட், அலுமினியம் என்றால், சூட்டோடு கழற்ற மரையும் சேர்ந்து உரிந்து வரும், அதனால் இரவு முழுக்க ஆறவிடுங்கள். எங்கள் கிரவல் றோட்டுப் புழுதி பிளக் குழிக்குள் எவ்வளவு கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும், அது சிலிண்டருக்குள் விழாமல் முதலில் காற்றடித்து ஊதிவிடுங்கள். அப்புறம் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, துரு இளக்கும் ஒயிலைக் கொஞ்சம் விட்டு, குறைந்தது 15 நிமிடமாவது ஊறவிட்டு, திரும்ப இறுக்கி, திரும்பத் தளர்த்தி, இப்படி முன்னும் பின்னுமாக ஆட்டித்தான் எடுக்க வேண்டும். கிரீச் என்று கத்தினால் நிறுத்துங்கள், இன்னும் ஒயில் கேட்கிறது. பிளக்கில் கொழுவும் சொக்கெட் சரிந்தால் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் வெடிக்கும், நேராகப் பிடியுங்கள்.

2004 முதல் 2008 வரை வந்த ஃபோர்ட் 5.4 லீட்டர் மூன்று வால்வு எஞ்சினில் பிளக் இரண்டாக முறிவது பேர்போன தொல்லை, அங்கேயும் வைத்தியம் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் ஒயிலுக்குப் பதிலாகக் காப்பரேற்றர் கிளீனரை விடச் சொல்கிறது ஃபோர்ட்.

புதுப் பிளக்கைக் கையாலேயே முழுக்கத் திருகுங்கள், வாசர் உள்ளது என்றால் அதன்பிறகு அரைச் சுற்று, கூடிப்போனால் முக்கால் சுற்றுக்குள் நிறுத்துங்கள். சரிதானே?