பழைய ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டர் வாங்கி, பேசிக் என்ற புரோகிராமிங் மொழி படிப்பது வீண்வேலையா?

வேலைக்காகக் கேட்கிறீர்கள் என்றால் வீண்தான். ‘பேசாமல் பைத்தான் படி’ என்று கீழே நாலு பேர் வந்து சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் கேள்வியில் ‘ரப்பர் கீ வைத்த அந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் பொம்மை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சுருக்கென்றது. அந்தப் பொம்மையால் எங்கள் ஊரில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது.

1987. கோத்தகிரிக்குக் கீழே அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. நான் ஒன்பதாவது, தமிழ் மீடியம். சிங்கப்பூர் மாமா 48கே மெமரி உள்ள ஸ்பெக்ட்ரம் ஒன்றையும் அதற்கென்றே ஒரு சின்ன டிவியையும் கொண்டுவந்தார், போகும்போது எங்களிடமே விட்டுவிட்டார். அதில் எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டாம். பி அழுத்தினால் பிரின்ட், ஜி அழுத்தினால் கோ டு என்று முழுச் சொல்லே வந்து விழும். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குக்குப் பயந்த எனக்கு இதைவிட என்ன வேண்டும்?

புரோகிராமைக் கேசட்டிலிருந்து ஏற்றும்போது திரையோரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓடும். நாலைந்து நிமிஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கடைசியில் ‘டேப் லோடிங் எரர்’ என்று வரும். மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை கம்பியில் விழுந்தால் கரண்ட் போய்விடும், அதுவரை அடித்ததெல்லாமும் அதோடு போகும். அதனால் எல்லாவற்றையும் முதலில் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

நான் எழுதிய முதல் உருப்படியான புரோகிராம் இலைக் கணக்கு. அந்த மாதம் 12 தடவை பறித்திருந்தோம். 10ஆம் வரியில் மொத்தத்தைப் பூஜ்யமாக்கு. 20இல் 12 தடவை சுற்று. 30இல் எடையைக் கேள். 40இல் மொத்தத்தோடு சேர். 50இல் அடுத்ததுக்குப் போ. 60இல் விடையைக் காட்டு. அவ்வளவுதான். எடைச் சீட்டுகளைப் பார்த்து, கிலோவில் 41, 38 என்று அடித்தேன். மூன்றாவது 43, நான் 34 என்று அடித்துவிட்டேன். நிறுத்திவிட்டு, கெட்டிக்காரத்தனமாக ‘கோ டு 20’ (20ஆம் வரிக்குப் போ) கொடுத்து முதலிலிருந்து அடித்தேன். விடை 581. எங்களிடம் இலை வாங்கும் ஏஜென்ட் கொடுத்த கணக்கில் 468.

“டேய், உன் பெட்டி சொல்றது நிஜமா?” என்றார் அப்பா. கம்ப்யூட்டர் தப்பு செய்யாது என்று அடித்துச் சொன்னேன். அப்பா அந்த மழையிலேயே கிளம்பிப் போய், தராசடியில் பத்துப் பேர் முன்னால் ஏஜென்ட்டைத் திருடன் என்று சொல்லிவிட்டு வந்தார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி அடித்து, ‘ரன்’ (முதல் வரியிலிருந்து ஓடு) கொடுத்தேன். 468. அப்புறம் தலையைப் பிய்த்துக்கொண்டு, அகராதியும் கையுமாக மேனுவலைத் துழாவியதில் கிடைத்தது: ரன் கொடுத்தால் பழைய மதிப்புகள் அழியும், கோ டு கொடுத்தால் அழியாது. நான் 20க்குத் தாவியதால், மொத்தத்தைப் பூஜ்யமாக்கும் 10ஆம் வரி ஓடவே இல்லை. 41, 38, 34. கூட்டினால் 113. 468ஐவிடக் கூடுதலாக வந்ததும் அதே 113.

அப்பா அடிக்கவில்லை. என்னையே போய்ச் சொல்லிவிட்டு வரச் சொன்னார். அந்த ஏஜென்ட் அண்ணன் கேட்டுவிட்டு, “பெட்டிக்குப் பசி போல, மூணு பறிப்பைச் சேர்த்துத் தின்னுடுச்சு” என்று சிரித்தார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

சரி, அவரை உத்தமர் என்றும் சொல்லவில்லை. ஈர இலை என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள், மார்ச் வெயிலில் பறித்ததற்கும் அதே கழிவு. கழித்த பிறகு உள்ள எடையைத்தான் சீட்டில் எழுதுவார்கள், அதை எந்தக் கம்ப்யூட்டரில் போட்டுக் கண்டுபிடிப்பது? இன்றைக்கும் இலை விலை பறிகூலிக்குப் பத்தாமல், பக்கத்துத் தோட்டமெல்லாம் காட்டேஜாகிக்கொண்டிருக்கிறது. நீங்கள் கேட்காத விஷயம்தான், இருந்தாலும் எங்கே போய்ச் சொல்வது.

டைக்ஸ்ட்ரா என்ற கணினி மேதை, பேசிக் பழகியவர்களுக்கு நல்ல புரோகிராமிங் கற்றுத்தருவது ஏறக்குறைய முடியாத காரியம் என்று 1975இல் எழுதினார். யாராவது அதைக் கொண்டுவந்து ஒட்டுவீர்கள், தெரியும். என் கோ டு கதை அவர் கட்சிக்குத்தான் சாட்சி என்றும் சொல்லலாம். ஆனால் 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் பேசிக்கை உருவாக்கியது விஞ்ஞானம் படிக்காத மாணவர்களுக்கும் கம்ப்யூட்டர் எட்ட வேண்டும் என்றுதான். எனக்கு எட்டியது.

வாங்குவதற்கு முன் ஃப்யூஸ் என்ற எமுலேட்டரை, அதாவது இன்றைய கம்ப்யூட்டரிலேயே ஸ்பெக்ட்ரம் போல ஓடும் மென்பொருளை, இறக்கிப் பாருங்கள், இலவசம்தான். பிடித்துப்போய் நிஜப் பெட்டியே வாங்கினால், கீபோர்டுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் தாள் வயசாகி நொறுங்கியிருக்கும், புதிதாகப் போட வேண்டிவரும். அடாப்டர் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். இப்போது கடையில் கிடைப்பதில் பெரும்பாலும் நடு முனை பாசிட்டிவ், அப்படியே செருகிவிடாதீர்கள்.