ஓடைக்கு 24 மீட்டர் பாலம் போதுமா?

வணக்கம் சார். புறவழிச்சாலை உங்கள் ஏரியின் வரத்து ஓடையையும் அதையொட்டிய கோரைச் சதுப்பையும் கடக்கிற இடத்தில் 24 மீட்டர் பாலம், மீதி மண்கரை, போதுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த 24 அநேகமாக, வெள்ள அளவை வைத்து வண்டல் ஓடைக்கு வேண்டிய அகலத்தைச் சொல்லும் லேசி சூத்திரத்தில் வந்தது: 4.8 × √வெள்ள அளவு. விநாடிக்கு 25 கனமீட்டர் என்றால் கச்சிதமாக 24. வண்டல் ஓடையின் வெள்ளம் கடக்க அது சரி. சதுப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை! மண்கரை போட்டால் பரவி ஓடும் நீர் மேல்புறம் தேங்கும், கீழ்ப்புறம் காயும்; பாலத்தடியில் வேகம் கூடி மண் அரிக்கும்.

சதுப்பு முழுவதையும் தூண்கள்மேல் தாண்டச் சொல்லுங்கள். செலவு என்று மறுத்தால், மண்கரையில் இடையிடையே நீர் கடக்க அகலமான கண்களாவது (திறப்புகள்) கேளுங்கள். குழாய் வேண்டாம், அடைத்துக்கொள்ளும். வேலைக்காகக் கொட்டும் தற்காலிக மண்ணை மழைக்கு முன் அள்ளும் நிபந்தனையையும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.