கம்ப்யூட்டர் குரூப் இல்லை. கேம் செய்ய முடியுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமம். பிளஸ் ஒன் படிக்கிறேன். பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் இல்லாததால் கணக்கு-உயிரியல் எடுத்தேன். மொபைல் கேம் செய்ய ஆசை. கையில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் இருக்கிறது. கோவையில் பணம் கட்டி கோர்ஸ் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். கோர்ஸுக்குக் கட்டும் பணம் இருந்தால் லேப்டாப்புக்கு ரேம் வாங்கிப் போடுங்கள். குரூப் பற்றியும் கவலை வேண்டாம். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் இருப்பதால் பொறியியல் கலந்தாய்வில் கணினி அறிவியல் கேட்க உங்களுக்குத் தடையில்லை.

கேம் உருவாக்க யூனிட்டி நல்ல மென்பொருள்தான். ஆனால் பல ஜிபி இறக்க வேண்டும். மழை பிடித்தால் கரண்டும் சிக்னலும் சேர்ந்து போகிற ஊரில் அது வீண் பாடு. அதே வேலையைச் செய்யும் கோடோ (Godot) இலவசம், அளவும் சிறியது. இன்ஸ்டால் செய்யக்கூட வேண்டாம், ஜிப்பைப் பிரித்தால் ஓடும். புது புராஜெக்ட் திறக்கும்போது திரையில் படம் வரையும் பகுதியாக (ரெண்டரர்), பழைய கம்ப்யூட்டருக்கும் ஏற்ற 'கம்பாட்டிபிலிட்டி'யைத் தேர்ந்தெடுங்கள். அதற்கும் லேப்டாப் திணறினால் பழைய கோடோ 3 போதும். கோடோவில் நிரல் எழுதும் மொழியான ஜிடிஸ்கிரிப்ட் பைத்தான் சாயலில் இருக்கும். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடநூலில் பைத்தான் இருக்கிறது. சீனியர் யாரிடமாவது வாங்கி, ஃபங்ஷன் வரை படித்துவிட்டு இறங்குங்கள்.

முதல் கேம் சின்னதாக இருக்கட்டும். மேலிருந்து தேயிலைக் கொழுந்து விழுகிறது, விரலால் கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும். முற்றிய இலை கூடையில் விழுந்தால் பாயின்ட் குறையும். அவ்வளவுதான். ஓப்பன் வேர்ல்டு, மல்டிபிளேயர் என்று ஆரம்பிப்பவர்கள் மெனு திரையைத் தாண்டுவதில்லை.

விழுவதை எப்படி எழுதுவது? திரை ஒவ்வொரு முறை புதிதாக வரையப்படுவதும் ஒரு ஃபிரேம். 'ஃபிரேமுக்கு 5 பிக்சல் கீழே' என்றுதான் எல்லோரும் முதலில் எழுதுவார்கள். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் போனில் அது 300 பிக்சல். 120 ஃபிரேம் ஓடும் போனில் 600. உங்கள் போனில் சுலபமாக இருக்கும் கேம் நண்பர் போனில் ஆடவே முடியாது. அதனால் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட நேரத்தை கோடோ 'டெல்டா' என்று தருகிறது. வேகத்தோடு முடுக்கம் × டெல்டாவைக் கூட்டுங்கள். பிறகு இடத்தோடு வேகம் × டெல்டாவைக் கூட்டுங்கள். உங்கள் இயற்பியல் புத்தகத்தில் இருக்கும் v = u + at இதேதான். இரு பரிமாணத்தில் கோடோ வைத்திருக்கும் ஈர்ப்பு முடுக்கம் 980, 9.8-ஐ நூறால் பெருக்கியது போல. ஒன்று மட்டும் தலைகீழ்: கணக்கு வரைபடத்தில் y கூடினால் மேலே போவோம், இங்கே கீழே இறங்குவோம். கொழுந்து வானத்துக்குப் பறந்தால் குறியைப் பாருங்கள்.

படம், சத்தம் எல்லாம் பிறகு. முதலில் வெறும் சதுரங்களை வைத்தே ஆடிப் பாருங்கள். அதிலேயே சலிப்புத் தட்டினால் படம் வரைந்தும் பயனில்லை.

பிளே ஸ்டோருக்கு அவசரப்பட வேண்டாம். அங்கே கேம் வெளியிட டெவலப்பர் அக்கவுன்ட் தொடங்க 18 வயது ஆக வேண்டும், ஒரு முறைக் கட்டணம் 25 டாலர். புதிய தனிநபர் அக்கவுன்ட் என்றால் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்த பிறகுதான் வெளியிட அனுமதி கேட்கலாம். அதுவரை கேமை, போனில் நேரடியாக இன்ஸ்டால் செய்யக்கூடிய ஏபிகே கோப்பாக எடுத்து வகுப்பு நண்பர்களுக்குக் கொடுங்கள். விளக்கம் சொல்லாமல் போனை நீட்டிவிட்டு, அவர்கள் விரல் எங்கே தடுமாறுகிறது என்று மட்டும் பாருங்கள். இப்படி ஏபிகே எடுக்க (ஆண்ட்ராய்டு எக்ஸ்போர்ட்) தேவையான கோப்புகள் மட்டும் பெரியவை; நல்ல வைஃபை கிடைக்கும் நாளில் ஒரேயடியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.