காவிரி டெல்டாவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆய்வுத் துறைகளும்: கேள்வி பதில்

கல்லூரி நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த உறுப்பினர், டெல்டாவைக் களமாகக் கொண்ட பல துறை ஆய்வுகளைப் பற்றி மற்ற உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (முதுகலை மாணவர், தஞ்சாவூர்): ஐயா, நெல்லையும் நீரையும் விட்டால் நம் டெல்டாவில் ஆராய்வதற்கு வேறு என்ன இருக்கிறது?

பதில்: நீங்கள் நாள்தோறும் பார்க்கும் பெரிய கோயிலையே எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசராசன் தளிச்சேரிப் பெண்டுகள் (கோயிலில் பணிசெய்த ஆடல் மகளிர்) 400 பேரை எந்தெந்த ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்தான், யாருக்கு எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு, பங்குக்கு எவ்வளவு நெல் என்பதெல்லாம் அங்கே பெயர் பெயராக வெட்டப்பட்டிருப்பதால், கல்வெட்டு அறிஞருக்கு ஆயுள் முழுவதற்கும் அங்கு வேலை உண்டு. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில் நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். மேல் அடுக்கைச் சிதைக்காமல் பிரித்தெடுக்கும் பொறுப்பு பிற்காலத்தில் வேதியியலாளர்களிடம் வந்து சேர்ந்தது. அதற்கெல்லாம் முன்பே, 1808இல், நில அளவையாளர் லாம்டன் தம்முடைய அரை டன் எடையுள்ள கோணமானியை இந்தக் கோயிலின் உச்சிக்கு ஏற்ற முயன்றார். குன்றுகளே இல்லாத சமவெளியில் தொலைவிலிருந்து பார்வைக்கோடு கிடைக்கக் கோயிலை விட்டால் வேறு உயரம் இல்லை. கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது என்பதும், அதை அவரே செப்பனிட்டார் என்பதும் நில அளவை வரலாற்றில் பதிவாகியுள்ளன.

கோயிலை விட்டு வெளியே வந்தால் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. இராமன் இருக்கிறார். சாதாரணத் தோல்படலத்தைத் தட்டினால் எழும் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையின் நடுவில் அப்பிய, சோறு எனப்படும் கருமையான பூச்சு அவற்றை இசைவான வரிசைக்குக் கொண்டுவருகிறது என்பதை அவர் 1920இல் எழுதினார். இயற்பியலுக்கும் தாளவாத்தியக் கலைஞரின் கைப்பழக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று அதற்கு முன் யாராவது கேட்டிருந்தால், ஒன்றும் இல்லை என்றே பலரும் சொல்லியிருப்பார்கள்.

கேள்வி (ஆய்வு மாணவி, திருவாரூர்): முனைவர் பட்டத்துக்கு நல்ல தலைப்பு ஒன்று சொல்ல முடியுமா?

பதில்: தலைப்பைத் தேடாதீர்கள், அம்மா, உங்களால் நேரடியாகப் படிக்கவோ அளக்கவோ கூடிய சான்றைத் தேடுங்கள். ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா 1960களில் அல்லூர், ஈசானமங்கலம் ஆகிய இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, வெள்ளான்வகை (பிராமணர் அல்லாத உழவர்) ஊரில் நிலம் யாரிடம் இருந்தது, பிரமதேயத்தில் (பிராமணருக்கு அளிக்கப்பட்ட ஊரில்) யாரிடம் இருந்தது என்று ஒப்பிட்டார். பின்னர் எ. சுப்பராயலு, மட்சுய் ஆகியோருடன் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினியின் துணையோடு தொகுத்து 1978இல் வெளியிட்டார். இரண்டு ஊர், ஒரு வகைச் சான்று, ஒரு தெளிவான வினா, அவ்வளவு போதும். எப்போதும் சொல்லும் எச்சரிக்கையை இங்கும் சொல்கிறேன்: ஓர் ஆண்டையோ எண்ணையோ எழுதுமுன் அது எவ்வாறு பெறப்பட்டது என்பதை எழுதுங்கள்.

கேள்வி (வேதாரண்யம்): கோடியக்கரைக்கு வரும் பூநாரைகள் குறைந்துவிட்டனவா?

பதில்: இது என் துறை அன்று. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தார் அங்கே பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டுப் பதிவு செய்துவருகிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (சீர்காழி): கடலுக்கடியில் உள்ள பூம்புகார் 11,000 ஆண்டுப் பழமையானது என்பது நிறுவப்பட்டுவிட்டதல்லவா?

பதில்: நிறுவப்படவில்லை. தேசியக் கடலியல் நிறுவனம் 1991இல் கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரைலாட வடிவிலான ஓர் அமைப்பைக் கண்டது. அந்த ஆழம் கடைசியாக எப்போது தரையாக இருந்தது என்று உலகக் கடல்மட்ட மாற்றக் கணக்கைக் கொண்டு பார்த்தவர்கள் 11,000 என்ற எண்ணுக்கு வந்தார்கள். அது நீர் ஏறிய காலத்தைப் பற்றிய மதிப்பீடே அன்றி, அந்த அமைப்பிலிருந்து எடுத்த எந்தப் பொருளையும் காலக்கணிப்பு செய்து பெற்ற முடிவு அன்று. மாறாக, கரையில் உள்ள கீழையூரில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்த செங்கல் படகுத்துறையின் மரத்தூணைக் கரிமக் கணிப்புக்கு உட்படுத்தியபோது கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் கிடைத்தது. இது பொருளை அளந்து பெற்ற எண்.

கேள்வி (சீர்காழி, மீண்டும்): தமிழரின் தொன்மையை ஏற்க மனமில்லாதவர்கள் சொல்லும் காரணம் அல்லவா இது?

பதில்: அல்ல. நான் பூம்புகாரின் மண்ணை நேசிப்பவன். அதனாலேயே அதன் பெயரில் ஆதாரமற்ற எண் உலவுவதைப் பொறுக்க இயலவில்லை. நாளை அந்த அமைப்பில் காலம் கணிக்கத்தக்க ஒரு பொருள் கிடைத்து, அது பத்தாயிரம் ஆண்டைக் காட்டினால் முதலில் மகிழ்பவன் நானாக இருப்பேன்.

கேள்வி (நிலவியல் விரிவுரையாளர், மயிலாடுதுறை): ஐயா ஒன்றை விட்டுவிட்டீர்கள். டெல்டா நிலம் தன் வண்டல் எடையாலேயே அமிழக்கூடியது. ஆகவே இன்றைய ஆழத்தை மட்டும் கொண்டு கடல்மட்டக் கணக்குப் போடுவதே தவறு அல்லவா?

பதில்: மிகச் சரியான குறுக்கீடு. நிலம் அமிழ்ந்திருந்தால் அதே 23 மீட்டர் ஆழம் மிகப் பிந்திய காலத்திலும் ஏற்பட்டிருக்கலாம். எனவே 11,000 என்பது இன்னும் தளர்ந்துபோகிறது. கல்வெட்டுக்காரர், கடலியலார், நிலவியலார் மூவரும் ஒரே கடற்கரையைப் பேசுகிறார்கள். ஆனால் ஒருவருடைய சான்று மற்றவருடைய வினாவுக்குத் தானாக விடையாகிவிடாது. இதைப் பற்றி இன்னும் ஆறு கேள்விகள் வந்துள்ளன. அனைத்துக்கும் விடை மேலே உள்ளது.

கேள்வி (பொறியியல் மாணவர், திருச்சி): எனக்கும் ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு வேண்டும்.

பதில்: திருவாரூர் மாணவிக்குச் சொன்னதைப் படியுங்கள், தம்பி.

கேள்வி (விவசாயி, ஒரத்தநாடு): மிருதங்கத்தையும் ஓவியத்தையும் ஆராய்வதால் எங்களுக்கு என்ன பயன்? அந்தப் பணத்தை வயலுக்குச் செலவிடலாமே.

பதில்: உங்கள் கேள்வி நியாயமானது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இயங்குகிறது; ஏ.டி.டி. என்று தொடங்கும் ரகங்கள் அங்கிருந்து வந்தவை என்பதை நீங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். ஆனால் வயலுக்கு வரும் உதவி எப்போதும் வயலைப் பற்றிய ஆய்விலிருந்து மட்டும் வருவதில்லை. சம்பாவுக்கு விதைக்கும் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தைப் பாருங்கள். நீரில் மூழ்கியும் பிழைக்கும் ஒடிசாவின் பழைய நெல் ஒன்றில், அந்த இயல்புக்குக் காரணமான மரபணு எது என்பதை மூலக்கூறு உயிரியலார் 2006இல் வெளியிட்டார்கள். வெள்ளத்தில் மூழ்கியதும் பயிர் மேலே எட்டிப் பார்க்க வளர்ந்து தன் சேமிப்பைத் தீர்த்துவிடாமல், வளர்ச்சியை நிறுத்திக் காத்திருக்கும்படி அது செய்கிறது. அந்த மரபணுவைச் சேர்த்து உருவாக்கிய இந்த ரகம் அதனால் இரண்டு வாரம் வரை தாங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உங்கள் வயலுக்கு வந்து சேர்ந்த அந்த அறிவு, டெல்டாவின் பெயரையே அறியாத ஆய்வுக்கூடங்களில் தொடங்கியது. எந்த ஆய்வு எங்கே போய்ச் சேரும் என்று முன்கூட்டியே தரம்பிரித்துப் பணம் ஒதுக்க எவராலும் இயலாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (கும்பகோணம்): நம் பகுதிக் கிராமங்களை ஆராய்ந்த வெளிநாட்டார் ஊர்ப்பெயரை மாற்றி எழுதியுள்ளார்களே, அவை உண்மையில் எந்த ஊர்கள்?

பதில்: மானிடவியலாளர் கேத்லீன் காஃப் 1950களின் தொடக்கத்தில் தங்கி ஆராய்ந்து, 1976இல் திரும்பி வந்து பார்த்த கும்பாபேட்டையும், சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேயி 1965இல் வெளியிட்ட நூலில் வரும் ஸ்ரீபுரமும் புனைபெயர்களே. பெத்தேயி நம் நாட்டவர் என்பதையும் திருத்திக்கொள்ளுங்கள். சாதியையும் நில உரிமையையும் பற்றி மனந்திறந்து பேசிய குடும்பங்களைக் காப்பதற்காகவே பெயர் மறைக்கப்படுகிறது. கண்டுபிடிக்க நான் உதவ மாட்டேன்.

கேள்வி (தமிழ் முதுகலை, தஞ்சாவூர்): தலைப்பு கேட்க வேண்டாம் என்றீர்கள். எங்கள் வீட்டில் மராத்தி பேசுவோம், எனக்குத் தமிழும் தெரியும். இதைக் கொண்டு என்ன செய்யலாம்?

பதில்: இப்படித்தான் கேட்க வேண்டும். தஞ்சை மராத்தியர் காலத்து அரண்மனைப் பதிவுகள் மோடி எனப்படும் பழைய மராத்தி எழுத்தில் கட்டுக்கட்டாக உள்ளன. சரசுவதி மகால் நூலகத்திலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் இதற்கான பணி நடந்திருக்கிறது; ஆயினும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளையும் கண்ணின் படங்களையும் இக்காலக் கண் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியுள்ளனர்; மருத்துவருக்கு அது நோய்க்குறிப்பு, உங்களுக்கு அது மொழிச் சான்று. முதலில் மோடி எழுத்தைக் கற்றுக்கொண்டு, ஒரே ஒரு பதிவுக் கட்டினை முழுவதுமாகப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று பட்டியலிட்டு எனக்கு எழுதுங்கள். எந்தத் துறையில் பதிவு செய்வது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.